நாள் குறிக்கும் முன்

சிசேரியன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால், தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் அன்று சாயங்காலமே பஞ்சாங்கம் வெளியே வந்துவிடும். வளர்பிறையா தேய்பிறையா, அஷ்டமி நவமி எப்போது, அப்பாவின் நட்சத்திரத்துக்கு ஒத்து வருமா என்று பேச்சு தொடங்கும். அதற்கு முன்னால் தேடி எடுக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு: கர்ப்பமான முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட். குழந்தையின் வயதை அந்த அளவுக்குச் சரியாகச் சொல்லும் ஸ்கேன் பின்னால் எந்த மாதத்திலும் கிடைக்காது. வயது தெரியாமல் குறித்த நாள் எவ்வளவு நல்ல நாளாக இருந்தாலும் குழந்தைக்கு முந்திய நாளாகப் போய்விடலாம்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். நாடு முழுவதற்குமான அளவு 21.5. இத்தனை பேருக்கு நாள் குறிக்கப்படுகிற மாநிலத்தில் நாளை எப்படிக் குறிப்பது என்பது ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கணக்கு. கடினமான கணக்கும் அல்ல.

எந்த நாளிலிருந்து எண்ணுவது

கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து 280 நாள். அதுதான் பிரசவத் தேதி. 28 நாளைக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிற பெண்ணுக்குப் பொருந்தும் கணக்கு இது. பாட்டி சொல்லும் பத்து மாதமும் டாக்டர் சொல்லும் ஒன்பது மாதம் ஏழு நாளும் சண்டை போட வேண்டியதில்லை. 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் பத்து மாதம் 280 நாள்தான்.

பிழை நுழைகிற இடம் தொடக்க நாள். "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" என்று வீட்டில் கேட்பார்கள். பெண்ணும் தலைக்குக் குளித்த நாளை நினைவில் வைத்துச் சொல்லுவாள். அது மூன்றாம் நாள், சில வீடுகளில் ஐந்தாம் நாள். கணக்குக்கு வேண்டியது ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாள். இந்த ஒரு குழப்பத்திலேயே நாலு நாள் போய்விடும். அதேபோல் "ஆடிப்பெருக்குக்கு முதல் வாரம்", "வைகாசி விசாகம் கழிஞ்சு" என்று நினைவிருந்தால் அதையும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியர் பதிவு செய்வதற்கு முன் அந்த ஆண்டுக் காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக்கிச் சொல்லுங்கள். தோராயமான தேதி என்றால் தோராயம் என்றே சொல்லுங்கள். நிச்சயமில்லாத தேதியை நிச்சயம்போல எழுதிவிட்டால் அடுத்து வரும் எல்லோரும் அதை நம்பித்தான் நடப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடைசி மாதவிடாய் தொடங்கியது 2025 பிப்ரவரி 10. 280 நாள் கூட்டினால் நவம்பர் 17. மாதக் கணக்கில் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினாலும் இங்கே அதே தேதி வருகிறது. மாதங்களுக்கு நாள் கூடக்குறைய இருப்பதால் சில தேதிகளில் ஓரிரு நாள் மாறும், அது பொருட்டல்ல.

இந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் 35 நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்று வையுங்கள். கரு தரித்ததே ஒரு வாரம் தள்ளித்தான் இருக்கும். அப்போது தேதி நவம்பர் 24 ஆகிறது. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், நீர்க்கட்டிக்கு மருந்து எடுத்தவர்கள், முதல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதே கருவுற்றவர்கள் ஆகியோருக்கு மாதவிடாய்க் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. சோதனைக்குழாய் முறையில் கருவுற்றவர்களுக்கு மட்டும் ஐயமே இல்லை: ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்த நாளிலிருந்து 261 நாள் என்று நேராக எண்ணிவிடலாம்.

முதல் ஸ்கேன்தான் சாட்சி

ஏழாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் தொடங்குவதற்குள் எடுக்கும் ஸ்கேனில் சிசுவைத் தலையிலிருந்து பிட்டம் வரை அளப்பார்கள். அந்தப் பருவத்தில் எல்லாச் சிசுவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் நீளத்தைக் கொண்டு வயதை ஐந்திலிருந்து ஏழு நாள் பிசகுக்குள் சொல்லிவிட முடிகிறது. ஒன்பது வாரத்துக்கு மேல் எடுத்த முதல் ஸ்கேனுக்கும் மாதவிடாய்க் கணக்குக்கும் ஏழு நாளுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வது வழக்கம்; அதற்கும் முன்பே எடுத்திருந்தால் ஐந்து நாளுக்கு மேல் வேறுபட்டாலே மாற்றுவார்கள்.

மேலே சொன்ன பெண் ஏப்ரல் 21 அன்று ஸ்கேன் எடுக்கிறார். மாதவிடாய்க் கணக்கில் அன்று சரியாக 10 வாரம். ஸ்கேனில் சிசுவின் நீளம் 22 மில்லிமீட்டர், வயது 8 வாரம் 6 நாள். எட்டு நாள் வேறுபாடு. ஆகவே பிரசவத் தேதி நவம்பர் 25 என்று மாறுகிறது. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டு, நவம்பர் 5 நல்ல நாள் என்று ஆப்பரேஷன் வைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோரும் 38 வாரம் தாண்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைக்கு அன்று உண்மையில் 37 வாரம் ஒரு நாள்தான் ஆகியிருக்கும்.

அடுத்தடுத்த ஸ்கேன்களில்தான் குழப்பம் வளர்கிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒரு தேதி, ஏழாம் மாதத்தில் ஒன்று, ஒன்பதாம் மாதத்தில் இன்னொன்று. மெஷின் ஒவ்வொரு முறையும் அன்றைய அளவை வைத்துப் புதிதாக ஒரு தேதி அச்சடித்துக் கொடுக்கிறது. "டேட் மாறிடுச்சாம்" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். மாறவில்லை. 28 வாரத்துக்கு மேல் எடுக்கும் ஸ்கேன் வயதைச் சொல்வதில் மூன்று வாரம் வரை பிசகலாம். அது குழந்தையின் வளர்ச்சியைச் சொல்வதற்கான ஸ்கேன். இந்த ஊர் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆடுதுறை 43 நெல் என்றால் 110 நாள் என்று விதைத்த தேதியிலிருந்துதான் எண்ணுவாரே தவிர, பயிர் உயரமாக நிற்கிறதே என்று முன்கூட்டி அறுக்க மாட்டார். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை வயதை மீறிப் பருத்திருக்கும். நஞ்சுக்கொடி வழியாக ஊட்டம் சரியாகப் போகாவிட்டால் வயதுக்குக் குறைவாக இருக்கும். அளவைப் பார்த்து வயதை மாற்றினால் இரண்டு பேருக்கும் தவறாகிவிடும்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கம். திருப்பூரிலோ சென்னையிலோ முதல் ஆறு மாதம் பார்த்துவிட்டு, வளைகாப்பு முடிந்து மன்னார்குடிக்கோ பாபநாசத்துக்கோ வரும்போது புடவையும் வளையலும் பத்திரமாக வந்துவிடுகின்றன. முதல் ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் புகுந்த வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. புதிய டாக்டர் ஏழாம் மாத ஸ்கேனை வைத்து நாள் குறிக்க வேண்டிய நிலை வருகிறது. அந்த ரிப்போர்ட்டைக் கணவர், அம்மா, நீங்கள் என்று மூன்று பேருடைய செல்போனிலும் படமெடுத்து வையுங்கள். கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி பதிவில் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்; மாவட்டம் மாறினாலும் அதே எண்தான், பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் வழி திறக்கிறது. காலத்தில் பதிவு செய்பவருக்குக் காலத்தில் முதல் ஸ்கேனும் கிடைக்கிறது. பணத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

39 வாரம்

அவசரக் காரணம் எதுவும் இல்லாத, முன்கூட்டித் திட்டமிடும் சிசேரியனுக்கு உரிய காலம் 39 வாரம் நிறைந்த பிறகு. பிரசவத் தேதியிலிருந்து ஏழு நாள் பின்னால் எண்ணுங்கள், அந்த நாள் வரும். நமது உதாரணத்தில் நவம்பர் 25 பிரசவத் தேதி என்றால் நவம்பர் 18. அதிலிருந்து ஒரு வாரம் உங்கள் கையில் இருக்கிறது.

37 வாரத்தில் "மாசம் நிறைஞ்சுடுச்சே" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஏற்கெனவே சிசேரியன் ஆகி, மறுபடியும் திட்டமிட்டுச் செய்துகொண்ட 13,258 பெண்களின் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. மூச்சுத்திணறல், ரத்தச் சர்க்கரை குறைதல், கிருமித்தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தல் போன்ற சிக்கல்கள் 39 வாரத்தில் எடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 8 பேருக்கு இருந்தன. 38 வாரத்தில் 11. 37 வாரத்தில் 15.3. இரண்டு வாரம் முந்தியதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

காரணம் நுரையீரலில் இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். பிரசவ வலி வரும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்சச் செய்கின்றன. வலியே வராமல் ஆப்பரேஷனில் எடுக்கும் குழந்தைக்கு அந்த முன்தயாரிப்பு கிடைப்பதில்லை. போதிய வயதும் இல்லை என்றால் பிறந்தவுடன் வேகவேகமாக மூச்சு வாங்கத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் அந்த மூன்று நாளும் குழந்தை கண்ணாடிப் பெட்டியில், தாய் வேறு வார்டில், தாய்ப்பால் தொடங்குவது தாமதமாக, பாட்டி வராந்தாவில் பிரார்த்தனையில். ஒரு நட்சத்திரத்துக்காக இதைக் கொடுக்கத் தேவையில்லை.

காத்திருக்கக் கூடாதவர்கள்

39 வாரம் எல்லோருக்கும் அல்ல. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் 36 வாரத்திலிருந்து 38 வாரம் முடிவதற்குள் செய்துவிடுவார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று சொன்னதும் பயந்துவிட வேண்டாம். கருப்பை வளர வளரப் பலருக்கு அது மேலே போய்விடும், 32 வாரத்தில் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் முன்பே சிசேரியன் ஆனவருக்கு, பழைய தழும்பின் மேலேயே நஞ்சுக்கொடி ஒட்டிப் புதைந்திருந்தால் அது ஆபத்தானது. 34 வாரத்திலிருந்து 36 வாரத்துக்குள், ரத்த வங்கியும் பல துறை டாக்டர்களும் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். உங்கள் ஊர் நர்சிங் ஹோம் டாக்டர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி, தஞ்சாவூருக்கு அனுப்புகிறேன் என்று அவர் சொன்னால் அவர் உங்களைக் கைவிடவில்லை, காப்பாற்றுகிறார்.

தனித்தனி நஞ்சுக்கொடியுள்ள இரட்டையருக்கு 38 வாரம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டையருக்கு அதற்கும் முன்பு. ரத்த அழுத்தம் கூடிச் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு 37 வாரம்; தீவிரமானால் 34 வாரத்திலேயே எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை, உணவுக் கட்டுப்பாட்டிலேயே ஒழுங்காக இருந்தால் சீக்கிரம் எடுக்கத் தேவையில்லை. கருப்பையில் நெடுக்காக வெட்டு விழுந்தவர்கள், கருப்பைக் கட்டியை ஆழமாக அறுத்து எடுத்தவர்கள் வலி வருவதற்கு முன்பே, 36 அல்லது 37 வாரத்தில் செய்துகொள்ள வேண்டும். 34 வாரத்துக்கு முன் எடுக்க நேர்ந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்; அது வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும் என்பதால், சேரச் சொன்ன நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, நாளைக் குறிக்க அவசரப்படுத்துகிற சில சொற்கள். "கொடி சுத்திக்கிட்டு இருக்கு." நாலைந்து குழந்தைகளில் ஒன்று கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறக்கிறது, பெரும்பாலும் சுகப்பிரசவமாகவே. ஸ்கேனில் கொடி தெரிந்தது என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. "தண்ணி கம்மியா இருக்கு" என்றால் எவ்வளவு, குழந்தையின் வளர்ச்சியும் ரத்த ஓட்டமும் எப்படி என்று கேளுங்கள். "குழந்தை தலைகீழா திரும்பல" என்று 32 வாரத்தில் சொன்னால் இன்னும் திரும்ப நேரமிருக்கிறது. 36 வாரத்தில்தான் முடிவுக்கு வர வேண்டும். முதல் பிரசவம் சிசேரியன் என்பதால் அடுத்ததும் கட்டாயம் சிசேரியன் என்றும் இல்லை. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு வெட்டு விழுந்தவர்கள், அவசர ஆப்பரேஷனுக்கு எந்நேரமும் தயாராக உள்ள ஆஸ்பத்திரியில் முயன்றால் பத்தில் ஆறிலிருந்து எட்டுப் பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. மரியாதையாக, தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், இந்த நாள்லதான் எடுக்கணும்னு எதனால சொல்றீங்க, ஒரு வாரம் பொறுத்தா என்ன ஆகும்?" பதில் உங்களுக்குப் புரியும்படி வர வேண்டும்.

நல்ல நேரம்

நாள் பார்த்துக் குழந்தையை எடுப்பது இந்த மண்ணில் புதிதல்ல. பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழன் பிறந்த கதை இருக்கிறது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் குழந்தை மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர்கள் சொல்ல, தாய் கமலவதி தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னாள். அந்த நேரம் வரை தாங்கினாள். குழந்தை சிவந்த கண்களோடு பிறந்தது. அவன் முகத்தைப் பார்த்து அழைத்துவிட்டு அவள் இறந்துபோனாள். மகன் காவிரிக் கரையெங்கும் மாடக்கோயில்கள் எழுப்பியதை ஊர் கொண்டாடுகிறது. நான் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் கமலவதியைத்தான் நினைக்கிறேன். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம்.

பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மாமியாரும் மாமனாரும் நிம்மதியாக இருந்தால் பெண்ணும் நிம்மதியாக இருப்பாள். அதற்கு மதிப்பு உண்டு. வரிசை மட்டும் முக்கியம். டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பாதுகாப்பு? அந்த ஐந்தாறு நாளை ஒரு தாளில் எழுதி ஜோசியரிடம் கொடுங்கள். அவற்றுக்குள் அவர் ஒன்றைச் சொல்லட்டும். மார்கழியில் வேண்டாம், தையில் பார்க்கலாம் என்றோ, மூலம் கழிந்து எடுக்கலாம் என்றோ அந்த எல்லையை மீறிச் சொன்னால் அங்கே நிறுத்திவிடுங்கள். சித்திரையில் பிறந்த குழந்தை குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்து 37 வாரத்தில் பங்குனியிலேயே எடுக்கச் சொல்லி டாக்டரை நெருக்குவதைத்தான் மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள்.

நேரத்துக்கும் ஒரு வார்த்தை. விடியற்காலை மூன்றரை மணி முகூர்த்தம் கேட்பவர்கள் உண்டு. திட்டமிட்ட ஆப்பரேஷனுக்கு நல்ல நேரம் என்பது ஆஸ்பத்திரியில் எல்லோரும் இருக்கும் நேரம்: மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், குழந்தை டாக்டர், தியேட்டர் நர்ஸ், திறந்திருக்கும் ரத்த வங்கி. சிறிய ஊர்களில் ஒரே மயக்க மருந்து டாக்டர் நாலைந்து நர்சிங் ஹோமுக்குப் போய் வருவார். நாள் குறிக்கும்போதே அன்று அவர் எத்தனை மணிக்கு வருவார், குழந்தை டாக்டர் உள்ளேயே இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் வேண்டாம் என்பது என் கருத்து. ஆப்பரேஷன் முடிந்த அடுத்த இரண்டு நாளும் ஆள் குறைவாக இருக்கும்.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் விளக்கெண்ணெய் பாபநாசம் வட்டாரத்தில் கர்ப்பிணி உள்ள எந்த வீட்டிலும் இருக்கும். வயிற்றில் தடவிக்கொள்வதால் தீங்கில்லை. வலி வரவழைக்க என்று குடிக்கக் கூடாது. ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் இரவு முதல் வயிற்றில் எண்ணெய் எதுவும் வேண்டாம். தோல் சுத்தமாக இருக்க வேண்டும்.

மழை, தூரம், ரத்தம்

ஐப்பசி, கார்த்திகையில் நாள் விழுந்தால் டெல்டாக்காரர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது விழுந்த மரங்களால் சாலைகள் அடைபட்டன; பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர நாள் பல ஆயிற்று. கோடியக்கரை, தலைஞாயிறு, முத்துப்பேட்டை போன்ற இடங்களில் இருப்பவர்கள் அந்தப் பருவத்தில் 37 வாரம் ஆனதும் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சுகாதாரத் துறையே ஏற்பாடு செய்யும்; செவிலியர் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். மழைக்குப் பயந்து ஆப்பரேஷனை முன்னால் இழுப்பதைவிட ஆளை முன்னால் நகர்த்துவது நல்லது.

போவது எங்கே என்பதை 36 வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிதான் பல தலைமுறையாக இந்தப் பகுதிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. கும்பகோணம், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை, மன்னார்குடி அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. திருவாரூரிலும், 2022-லிருந்து நாகப்பட்டினத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். போக 108, பிறந்த குழந்தையோடு வீடு திரும்ப 102.

ரத்தசோகைதான் நம் பெண்களுக்குப் பெரிய எதிரி. ஆப்பரேஷனில் சாதாரணமாகவே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகும். 28 வாரத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக் குறைவாக இருந்தால் மாத்திரைக்கு வேலை செய்ய நேரமிருக்கிறது. 34 வாரத்துக்குப் பிறகு கண்டுபிடித்தால் இரும்புச்சத்தை ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டிவரும். ஆகவே நாள் குறிப்பது என்பது உண்மையில் ஏழாம் மாதத்திலேயே தொடங்கிவிடும் வேலை. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதே வகையுள்ள இரண்டு பேரை முன்பே பேசி வையுங்கள். சம்பா அறுவடை நேரமென்றால் ஊரில் ஆள் கிடைப்பது கடினம், முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் லீவைப் பார்த்து ஆப்பரேஷன் தேதி வைக்காதீர்கள், ஆப்பரேஷன் தேதியைப் பார்த்து லீவு போடச் சொல்லுங்கள். 38 வாரத்தில் வந்து சேரும்படி டிக்கெட் எடுப்பது நல்லது.

தேதிக்கு முன்பே வலி வந்தால்

39 வாரத்துக்கு நாள் குறித்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிடும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், வலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் உடனே கிளம்ப வேண்டும். ராகு காலம் முடியட்டும், எமகண்டம் போகட்டும் என்று திண்ணையில் உட்காரக் கூடாது. குறித்த நாள் அத்தோடு முடிந்தது. இனி முடிவு டாக்டருடையது.

இந்த அவசரத்துக்காகவே 36 வாரத்தில் ஒரு பையைக் கட்டி வையுங்கள்: முதல் ஸ்கேன் ரிப்போர்ட், தாய் சேய் நல அட்டை, ரத்த வகை ரிப்போர்ட், ஆதார், பழைய ஆப்பரேஷன் டிஸ்சார்ஜ் தாள். கிளம்பும்போது வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். "பாவம், பசியோட போறா" என்று ஒரு டம்ளர் காபி கொடுத்தால் அதிலுள்ள பாலுக்காக ஆறு மணி நேரம் காத்திருக்க நேரலாம். அல்லது நிறைந்த வயிற்றோடு மயக்க மருந்து கொடுக்க நேரலாம், அது ஆபத்து. குறித்த நாளில் நடந்தாலும் இதே விதிதான்: திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் வரை. நகப்பூச்சையும் மருதாணியையும் அந்த வாரம் தவிர்க்கவும். விரல் நுனியில் மாட்டும் கருவி ஆக்சிஜனைச் சரியாகக் காட்ட வேண்டும். தாலிச் சங்கிலியையும் மெட்டியையும் முந்தின நாளே கழற்றி, மஞ்சள் கயிறு மாட்டிக்கொள்ளலாம். வயிற்று முடியை வீட்டில் மழிக்க வேண்டாம்.

குழந்தை பிறந்து வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் தாளை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். எத்தனை வாரத்தில் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், கருப்பையில் வெட்டு குறுக்கா நெடுக்கா என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். தோலில் தெரியும் தழும்பு குறுக்காக இருந்தாலும் உள்ளே வெட்டு வேறாக இருக்கலாம், ஆகவே தழும்பைக் காட்டி யாரும் சொல்லிவிட முடியாது. எழுதியிருக்காவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அடுத்த பிரசவத்துக்கு நாள் குறிக்க உட்காரும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.